மனமுவந்த காணிக்கை

கொலைக்கு ஆணையிட்ட கையே ஒரு மாளிகையையும் எழுப்பியிருந்தால், அந்த மாளிகையை அழகு என்று சொல்லி வியக்க நமக்கு உரிமை உண்டா? இந்த வினா நூலகத்தில் பிறந்ததன்று. கொரிய நாட்டின் சியோல் நகரில், ஓர் அரண்மனைக் குளக்கரையில், நம்முடன் திருப்பயணம் வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நம்மிடம் கேட்டது. நாம் அவருக்கு உடனே ஒரு விடை கூறினோம். குருமடத்தில் கற்ற விடை. அது தவறான விடையன்று என்றே இன்றும் கருதுகிறோம். எனினும் ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆன பின்னும் அது நம்மை அமைதியாக இருக்க விடவில்லை. ஆகவே இதனை எழுதுகிறோம்.

அன்று காலை நம் குழுவினர் ஜொல்துசான் குன்றில் திருப்பலி நிறைவேற்றினோம். ஹான் ஆற்றங்கரையில் செங்குத்தாக எழுந்து நிற்கும் சிறு பாறைக்குன்று அது. முன்னாளில் அதன் வடிவம் கருதிப் பட்டுப்புழுவின் தலை என்று அதற்குப் பெயர். 1866-க்குப் பிறகு ‘தலை வெட்டும் மலை’ என்றாயிற்று. அந்த ஆண்டில் மூண்ட வேதகலாபனையில் பெர்னோ, தவ்லுய் ஆகிய இரு ஆயர்கள் உட்பட ஒன்பது பிரெஞ்சுக் குருக்கள் கொல்லப்பட்டனர். நம் புதுச்சேரியிலும் கோவையிலும் உழைத்த அதே பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் இவர்கள். கொரிய விசுவாசிகளோ, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 8,000 பேர் மடிந்தனர் என்று மதிப்பிடுவர். அவர்களுள் மிகப் பலருடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 1866 இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் கப்பல்கள் பழிவாங்க வந்து, இந்தக் குன்றின் அடிவாரம் வரை ஆற்றில் ஏறிவிட்டன. அந்நியர் கப்பல்களால் தீட்டுப்பட்ட ஆற்றைக் கிறிஸ்தவர்களின் இரத்தத்தால் கழுவுங்கள் என்று ஆணை பிறந்தது. அவ்வாறே கழுவினர்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழிவாங்க வந்த அந்தக் கப்பல்கள் காங்ஹ்வா தீவின் அரச நூலகத்திலிருந்து நூல்களை அள்ளிக்கொண்டு போயின. அவற்றுள் 297 தொகுதிகள் 2011-ஆம் ஆண்டில்தான், அதுவும் கடன் என்ற பெயரில், பாரீசிலிருந்து கொரியாவுக்குத் திரும்பின. குன்றில் இறந்தவர்கள் எவரும் இந்தக் கொள்ளையைக் கேட்டவர்கள் அல்லர்.

பயண நிரலில் ‘பிற்பகல்: அரண்மனை, ஒன்றரை மணி நேரம்’ என்று அச்சிட்டிருந்தது. காலையில் கண் கலங்கிய நாம், நண்பகலுக்குள் உணவருந்தி, பேருந்தில் சற்றே கண்ணயர்ந்து, பிற்பகலில் சுற்றுலாப் பயணிகளாகிவிட்டோம். திருப்பயணிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவுதான் போலும்.

கியோங்போக்குங் என்பது அந்த அரண்மனையின் பெயர். பெரும் பேறு பெற்ற அரண்மனை என்று பொருள் கொள்ளலாம். ஜோசொன் அரசமரபை நிறுவிய தேஜோ மன்னர் 1395-இல் இதனைக் கட்டினார். பெயர் சூட்டியவர் அவருடைய அமைச்சரும் அறிஞருமாகிய ஜொங் தோஜொன். அரியணை மண்டபத்துக்கு ‘ஊக்கத்துடன் ஆள்க’ என்ற பொருளில் பெயர் வைத்தவரும் அவரே. மூன்று ஆண்டுகளுக்குள் அரசகுமாரர்களிடையே மூண்ட கலகத்தில் அவர் கொல்லப்பட்டார்.

வாயிலில் கொரிய மரபுடையாகிய ஹன்போக் அணிந்து வருவோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நம் குழுவின் கல்லூரி மாணவியர் இருவர் எதிரே இருந்த கடையில் அதை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு, கட்டணமின்றி இளவரசியராய் உள்ளே போனார்கள். அரியணை மண்டபத்தின் முன் விரிந்த முற்றம் முழுதும் கருங்கல் பாவியிருக்கிறது. கற்களை வழவழப்பாக்காமல் கரடுமுரடாகவே விட்டிருக்கிறார்கள். வெயில் பட்டுக் கண் கூசாதிருக்க என்று வழிகாட்டி விளக்கினார். பந்தல் கயிறு கட்ட ஆங்காங்கே இரும்பு வளையங்கள். நடுப்பாதையின் இருமருங்கும் சிறு கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. எந்தத் தரத்து அதிகாரி எங்கே நிற்கவேண்டும் என்பதற்கான அடையாளங்கள் அவை. கிழக்கே அறிவுத்துறையினர், மேற்கே படைத்துறையினர். நம் இளைஞர்கள் முறைவைத்து முதல் தரக் கல்லருகே நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் தரக் கல்லருகே எவரும் நிற்கக் காணோம்.

அதற்கு மேற்கே, குளத்தின் நடுவே, கியோங்ஹேரு என்னும் விருந்து மண்டபம் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது? நாற்பத்தெட்டுக் கல்தூண்கள். புறத்தே நிற்பவை சதுரம், உள்ளே நிற்பவை வட்டம். அவற்றின்மேல் சுவரில்லாத ஒரு பெரிய மரமண்டபம், அதன்மேல் பறவை சிறகு விரித்தாற்போன்ற கூரை. பின்னால் மலை. குளத்தில் தூணும் கூரையும் மலையும் தலைகீழாய்க் கிடக்கின்றன. காற்று அடித்தபோது மாளிகை முழுதும் ஒருகணம் கலைந்து மீண்டும் கூடிற்று. நாம் உரோமையின் பேராலயங்களைக் கண்டிருக்கிறோம். அங்கெல்லாம் ஏற்படாத ஓர் அமைதி இங்கே ஏற்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

அப்போதுதான் அந்த அம்மையார் அருகில் வந்தார்.

“சாமி, இதைக் கட்டினவரும், காலையில பார்த்த இடத்துல தலையை வெட்டச் சொன்னவரும் ஒரே ஆள்தானே?”

“ஆமா டீச்சர்.”

“ஒரே சமயத்துலயா?”

“ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான்.”

“அப்போ நாம எதுக்கு சாமி இப்படி வாயைப் பிளந்துட்டு நிக்கிறோம்?”

நாம் புனித அக்குவினாஸ் தோமாவைத் துணைக்கு அழைத்தோம். கலைஞனைக் கலைஞன் என்ற முறையில் புகழும்போது, அவனுடைய மனம் எத்தகையது என்று நாம் பார்ப்பதில்லை. அவன் செய்த பொருள் எத்தகையது என்றே பார்க்கிறோம். நல்லொழுக்கம் செய்பவனை நல்லவனாக்குகிறது. கலைத்திறமோ செய்யப்பட்ட பொருளை நல்லதாக்குகிறது. ஆகவே தீயவன் கட்டிய மாளிகையும் நன்றாக அமைந்திருக்கலாம், அதன் எழில் எல்லா எழிலுக்கும் ஊற்றாகிய இறைவனிடமிருந்தே வருகிறது என்று விளக்கினோம். அம்மையார் முழுதும் கேட்டார். “சரி சாமி” என்றார். மனப்பாடத்தைத் தடங்கலின்றி ஒப்புவித்த மாணவனிடம் ஆசிரியர் சொல்லும் ‘சரி’ அது.

நிற்க. அந்த மாளிகை எழுந்த கதையை இங்கே சொல்லவேண்டும்.

1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அரண்மனை எரிந்துபோயிற்று. தலைநகரை விட்டு ஓடிய மன்னர்மேல் கொண்ட சினத்தால் குடிமக்களே தீயிட்டனர் என்று அக்காலக் குறிப்புகள் கூறும். படையெடுத்தவர்களே எரித்தனர் என்பாரும் உளர். எவ்வாறாயினும் சுமார் 270 ஆண்டுகள் அது பாழாய்க் கிடந்தது. 1863-இன் இறுதியில் கோஜொங் என்னும் சிறுவன் அரசனாக, அவனுடைய தந்தை ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். வரலாற்றில் அவரைத் தேவொன்குன் என்பர். சீர்குலைந்த அரசின் மாண்பை நிலைநாட்ட எண்ணி 1865-இல் அவர் அரண்மனைத் திருப்பணியைத் தொடங்கினார். 1868-இல் அரசர் குடிபுகுந்தார்.

பணம்? மக்கள் மனமுவந்து அளிக்கும் காணிக்கை என்று ஒன்றை அறிவித்தார்கள். கொரிய மொழியில் அது ‘வொன்னாப்ஜொன்’. விரும்பிச் செலுத்தும் பணம் என்று பொருள். கொடுத்தவர்களுக்குப் பதவிகளும் கிடைத்தன. விரும்பாதவர்களும் விரும்பவேண்டியதாயிற்று. சீன எழுத்தில் விருப்பத்தைக் குறிக்கும் ‘வொன்’ ஒன்று, மனக்கசப்பைக் குறிக்கும் ‘வொன்’ வேறொன்று, ஒலி ஒன்றே. மக்கள் அந்தச் சொல்லை மாற்றவேயில்லை. உச்சரித்தபடியே உச்சரித்து, மனத்துக்குள் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ‘மனக்கசப்புப் பணம்’ என்றாயிற்று. எந்த ஒற்றனும் பிடிக்க முடியாத கண்டனம்!

அதுவும் போதாமல் 1866-இன் இறுதியில் புதிய நாணயம் ஒன்றை அடித்தார்கள். முகமதிப்பு பழைய காசு நூறு. உண்மை மதிப்போ ஐந்தாறு காசுக்குமேல் இராது. விலைவாசி ஏறிற்று, ஏழைகளின் உலை காய்ந்தது. தலைநகரின் வாயில்களில் நுழைவோரிடம் வரி வாங்கினார்கள். மரத்துக்காகக் கல்லறைத் தோப்புகளையும் வெட்டினார்கள். குடிமக்களை வேலைக்கு இழுத்துவந்தார்கள். குளத்தில் தலைகீழாய்த் தெரிந்த மாளிகை இவ்வாறுதான் நேராக நின்றது.

தேவொன்குன் அரக்கரல்லர். உயர்குடியினர்மேலும் வரி விதித்தவர், ஊழலில் ஊறிய கல்விக்கூடங்கள் பலவற்றை இழுத்து மூடியவர். கிறிஸ்தவத்தை அவர் அறியாதவருமல்லர். அரசச் செயலராயிருந்த நாம் ஜொங்-சாம் என்னும் கத்தோலிக்கர், வடக்கே இரஷ்யர் நெருக்கியபோது பிரெஞ்சு ஆயர்களின் உதவியை நாடலாம் என்று அவருக்கே ஆலோசனை கூறினார். முதலில் செவிசாய்த்தவர் பின்னர் மனம் மாறினார். 1866 மார்ச்சில் அந்தச் செயலரின் தலை மேற்குச் சிறு வாயிலுக்கு வெளியே வீழ்ந்தது. இன்று அவர் நம் பீடங்களில் புனிதர். தேவொன்குனுடைய மனைவியாரோ நெடுங்காலமாக மறையை நாடியவர். 1896-இல், முப்பது ஆண்டுகள் கழித்து, முதுமையில் மரியா என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். கணவரின் வீட்டுக்குள் அந்த முப்பது ஆண்டுகளை அவர் எவ்வாறு கழித்திருப்பார் என்பதை நினைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இப்போது தோமாவிடம் மீண்டும் வருவோம். செய்தவனின் மனத்தையன்று, செய்த பொருளையே பார்க்கவேண்டும் என்றார் அவர். நன்று. ஆனால் செய்தவன் யார்? நாம் குளக்கரையில் அம்மையாருக்கு விடை சொன்னபோது, தேவொன்குனையே கலைஞராக்கிவிட்டோம். அவர் ஒரு தூணையேனும் செதுக்கினாரா? சதுரத் தூணையும் வட்டத் தூணையும் பிளந்து வைத்த கல்தச்சர், கூரையின் வளைவைக் கண்ணாலேயே அளந்த மரத்தச்சர், மனத்துக்குள் எழுத்தை மாற்றிக்கொண்டு காசைக் கொட்டியவர் ஆகியோரே அதைச் செய்தவர்கள். நம் வியப்பு அவர்களுக்கு உரியது. அதை ஆணையிட்டவரின் பெயரில் வரவு வைத்ததே நம் பிழை. அழகை வியந்தது பிழையன்று.

இவ்வாறு கணக்கைத் தீர்த்துவிட்டோம் என்று மகிழ்ந்திருந்தோம். ஆனால் கொரியர்களின் வரலாறு இதை இவ்வளவு எளிதில் தீர்க்க விடுவதில்லை. 1910-இல் நாட்டை விழுங்கிய ஜப்பானியர், 1915-இல் அரண்மனை வளாகத்திலேயே ஒரு பொருட்காட்சி நடத்தினர். கட்டடங்கள் பலவற்றைப் பெயர்த்தனர். அரியணை மண்டபத்தை மறைத்தாற்போல் 1926-இல் தங்கள் தலைமைச் செயலகத்தைக் கட்டி முடித்தனர். குவாங்ஹ்வாமுன் என்னும் தலைவாயில் இடிபட இருந்தபோது, 1922-இல் அதற்காக இரங்கி எழுதியவர் யனாகி முனேயோஷி என்ற ஜப்பானியர். வாயில் இடிபடவில்லை, வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது. மனக்கசப்புப் பணம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அந்த அரண்மனை அவமதிக்கப்பட்ட சொந்த வீடு. வதைத்துக் கட்டியதே ஆயினும், வதைபட்டவர்களின் வழியினர்க்கு அது உரிமையாகிவிட்டது.

ஜப்பானியர் கட்டிய செயலகமும் கருங்கல்லால் கம்பீரமாக எழுந்ததுதான். விடுதலைக்குப் பின் அரசு அலுவலகமாயிற்று, 1986 முதல் தேசிய அருங்காட்சியகமாயிற்று. வரலாற்றுச் சான்றாக இருக்கட்டும் என்று சிலர் வேண்டினர். ஆயினும் 1995 ஆகஸ்டு 15 அன்று, விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், அதன் கோபுர உச்சியைக் கழற்றினார்கள். அடுத்த ஆண்டில் கட்டடமே இல்லை. ஒரு கொடுமையின் சின்னத்தை இடித்தார்கள், மற்றொரு கொடுமையின் சின்னத்தைத் தூண் தூணாக மீட்டுக் கட்டுகிறார்கள். இது முரண்பாடா? தோமாவின் அளவுகோலால் பார்த்தால் முரண்பாடுதான். ஒரு மக்களின் மனத்தால் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. வெளியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தவர் இதில் தீர்ப்புச் சொல்லாதிருப்பதே மரியாதை என்று விட்டுவிடுகிறோம்.

2014 ஆகஸ்டு 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், பவுல் யுன் ஜி-சுங்கையும் தோழர்கள் 123 பேரையும் அருளாளர்களாக உயர்த்தினார். திருப்பலி நடந்த இடம் குவாங்ஹ்வாமுன் சதுக்கம். பீடம் அந்த அரண்மனை வாயிலின் முன்னே. அதற்குமுன் அவர் மேற்குச் சிறு வாயிலின் கொலைக்களத்துக்குச் சென்று செபித்துவிட்டே வந்தார். கொலைக்களத்துக்குப் பின் அரண்மனை. நம் பயண நிரலும் தற்செயலாக அதே வரிசையில்தான் அமைந்தது. அவர் அந்த வாயிலைப் பழித்ததாகவும் அறியோம், புகழ்ந்ததாகவும் அறியோம். அதன் முன் நின்று இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்.

இதற்காகக் கொரியா வரை போகவேண்டியதில்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆண்டுதோறும் நம் மறைக்கல்வி மாணவரை அழைத்துச் செல்கிறோம். கருமை மின்னும் தரையையும் மரச்செதுக்கு வேலையையும் காட்டுகிறோம். மார்த்தாண்ட வர்மரின் அரசு அலுவலராயிருந்து, 1752-இல் காற்றாடி மலையில் சுடப்பட்ட புனித தேவசகாயத்தைப் பற்றி அதே நாளில் பேசுகிறோம். இரண்டையும் இணைத்து ஒரு பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை. கேட்க நாம் இடம் கொடுத்ததும் இல்லை.

ஆனால் நம் உறக்கத்தைக் கெடுத்தது பத்மநாபபுரமும் அன்று. ‘மனமுவந்த காணிக்கை’ என்னும் அந்தச் சொல்.

மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரம் முடியும் இடத்தில் ஏழைக் கைம்பெண் கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போடுகிறார். தன் பிழைப்புக்கிருந்த அனைத்தையும் போட்டார் என்கிறார் ஆண்டவர். நாம் எத்தனையோ அடிக்கல் நாட்டு விழாக்களில் இதைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறோம். அங்கேயே மறையுரையை நிறுத்திவிடுவோம். அடுத்த அதிகாரத்தின் முதல் வரியில் சீடர் ஒருவர் அதே கோவிலின் கற்களைச் சுட்டிக்காட்டி வியக்கிறார். ஒரு கல்லின்மேல் ஒரு கல் நில்லாது என்ற விடையைப் பெறுகிறார். கைம்பெண் வருமுன்போ, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைப் பற்றி ஆண்டவர் எச்சரித்திருக்கிறார். அவர் அந்தப் பெண்ணைப் புகழ்ந்தாரா, அவருக்காக வருந்தினாரா என்று விவிலிய அறிஞர் சிலர் கேட்கிறார்கள். குருமடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்தோம். பிறகு மறந்துவிட்டோம். மறப்பது வசதியாயிருந்தது.

2009-இல் ஒரு பங்கில் நாம் புதிய ஆலயம் கட்டினோம். குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய், இருபது தவணை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. அட்டையின் தலைப்பில் ‘மனமுவந்த காணிக்கை’ என்று அச்சிட்டவர்கள் நாமே. தவணை தவறியவர்களின் பெயர்களை ஞாயிறு திருப்பலி முடிவில் வாசிக்கச் செய்தவர்களும் நாமே. பீடி சுற்றிப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கு ஓலை வாசிக்கக் கேட்டு வந்தார். “பாக்கியை முடிச்சிட்டு வாங்கம்மா” என்றோம். குரலை உயர்த்தவில்லை; சிரித்துக்கொண்டேதான் சொன்னோம். “சரிங்க சாமி” என்று போனவர் மறுநாளே முழுத் தொகையையும் கொண்டுவந்தார். இரசீதில் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். திருமணத்துக்கு வைத்திருந்த கம்மலை அடகு வைத்துவிட்டார் என்பதை உபதேசியார் ஆறு மாதம் கழித்து, பேச்சோடு பேச்சாக நம்மிடம் சொன்னார்.

ஒரு கிராமத்துக் குருவையும் கொரிய ஆட்சித்தலைவரையும் ஒப்பிடுவது மிகை என்று வாசகர் கூறலாம். மிகைதான். நாம் எவருடைய தலையையும் வாங்கவில்லை. எனினும் அந்தப் பெண் வீட்டுக்குப் போகும் வழியில் அட்டையின் தலைப்பை மனத்துக்குள் எந்த எழுத்தில் வாசித்திருப்பார்?

ஆலயம் அழகாக அமைந்துவிட்டது. அயலூர்களிலிருந்து வந்து பார்க்கிறார்கள். மணமக்கள் அதன் முகப்பில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நுழைவாயிலில் சலவைக்கல் பலகை ஒன்று உண்டு. ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் பொன்னெழுத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டியவர் என்று, நம் பெயர் இருக்கிறது.

சியோலிலிருந்து திரும்பியபின் இப்போதைய பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினோம். இரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் இன்னும் இருக்கின்றனவா, அவற்றிலிருந்து பெயர்களையெல்லாம் எடுத்தெழுத முடியுமா என்று கேட்டிருந்தோம். கறையான் தின்றது போக மூன்று பெட்டிகள் இருப்பதாகவும், நேரில் வந்தால் பார்க்கலாம் என்றும் பதில் வந்திருக்கிறது. அந்தத் தலைமையாசிரியை அம்மையாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்து அழகானவர் அவர்தான்.